தேதி இருக்கும் பக்கம்

மாத்திரை அட்டையை எந்தப் பக்கத்திலிருந்து வெட்டுவது என்பது பெரிய சாத்திரம் இல்லை. அட்டையின் ஒரு ஓரத்தில் காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் பதிந்திருக்கும், பெயர் வெட்டுப்பட்டாலும் அந்த எண்ணை வைத்து இன்ன மருந்து என்று கண்டுபிடித்துவிடலாம். அந்த ஓரம் கடைசி மாத்திரை விற்கும்வரை கடையிலேயே இருக்க வேண்டும். எதிர் ஓரத்திலிருந்து வெட்டிக் கொடுத்துக்கொண்டே வர வேண்டும். இவ்வளவுதான். இதை ஒரு ஆஸ்பத்திரிக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. இத்தனை வருடம் கழித்து நினைத்தாலும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறுகிறது. அப்படி ஏறக் கூடாது என்றுதான் தினம் ஒரு மாத்திரை விழுங்குகிறேன்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. ஒரு தொழிற்சாலையின் ஆஸ்பத்திரியில் மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்று, மல்லேஸ்வரம் வீட்டில் இருந்தேன். சும்மா இருந்தேன் என்று சொல்ல முடியாது. கிடங்கில் எண்ணிய கை. வீட்டில் டம்ளர்களை எண்ணினேன், கொடியில் துணி மாட்டும் கிளிப்புகளை எண்ணினேன், எதிர்வீட்டு வாசலில் நிற்கும் ஸ்கூட்டர்களை எண்ணினேன். "கிளிப்புல ஒண்ணு குறையுதுன்னு என்னை எழுப்பாதீங்க, வெளியில ஏதாவது வேலை பாருங்க" என்று மனைவி சொல்லிவிட்டாள். அந்தச் சமயத்தில்தான் அடுகோடிப் பக்கமிருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே மருந்தகத்தில் ஆறு டெக்னீஷியன்கள். அவர்களுக்கு மருந்தைக் கையாளத் தெரிகிறதா என்று சோதித்து எழுதித் தர வேண்டும்.

ஏன் திடீரென்று இந்த ஆசை என்று கேட்டேன். மருந்தகத்தின் மேனேஜர் விஷயத்தைச் சொன்னார். ரத்த அழுத்தத்துக்காக வார்டில் படுத்திருந்த ஒரு பெரியவருக்கு, அழுத்த மாத்திரை என்று நினைத்துச் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிட்டார்கள். அவருக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது. உடம்பெல்லாம் வேர்த்துக் குளியலறை வாசலில் விழுந்திருக்கிறார். குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். அந்த மாத்திரை மருந்தகத்திலிருந்து ஒரு துண்டு அட்டையாகப் போயிருந்தது. எடுத்துக் கொடுத்தது கவுண்டரில் இருந்த ஒரு பெண், அந்த ஆறு பேரில் ஒருத்தி.

"பரீட்சை வெச்சா தெரிஞ்சிடும் சார். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. ஃபெயில் ஆனா வேலைய விட்டு நிறுத்திடலாம், நாளைக்கு யாரும் கேள்வி கேக்க முடியாது" என்றார் மேனேஜர்.

தீர்ப்பு தயாராக இருந்தது. கையெழுத்துக்கு ஒரு கிழவன் வேண்டியிருந்தது. அப்போதே எழுந்து வந்திருக்கலாம். ஆனால் எதையும் சரிபார்க்காமல் விட என்னால் ஆகாது.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். ஜோகுபாளையத்தில் வீடு. அப்பா கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பார்த்து, நெஞ்சு கெட்டுப்போய், மகளோடு வந்து தங்கியிருந்தார். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் இவள் ஒருத்திதான். இதையெல்லாம் கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். அவள் "வணக்கம் சார்" என்றாள், அவ்வளவுதான்.

எழுத்துப் பரீட்சை வைக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். நீச்சல் தெரியுமா என்று பேப்பரில் கேட்பார்களா? மருந்தகத்துக்குப் பின்னாலிருந்த சிறிய அறையில் ஒரு மேஜை போடச் சொன்னேன். ஒவ்வொருவராக வர வேண்டும். முதல் வேலை, பத்து மாத்திரை உள்ள அட்டையிலிருந்து ஆறு மாத்திரை வெட்டி, நோயாளிக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்லித் தர வேண்டும். இரண்டாவது வேலை, வார்டுகளிலிருந்து திரும்பி வந்த மருந்துகள் உள்ள ஒரு தட்டைப் பிரிக்க வேண்டும், அலமாரிக்குப் போவது எது, குப்பைக்குப் போவது எது என்று. அந்தத் தட்டில் பெயரும் இல்லாத, தேதியும் இல்லாத ஐந்து துண்டுகளை வேண்டுமென்றே போட்டிருந்தேன். அந்தக் காலத்தில் பல அட்டைகளில் மருந்தின் பெயரைக் குறுக்கே ஒரே ஒரு முறை பெரிதாக அச்சடித்திருப்பார்கள். வெட்டினால் துண்டில் இரண்டு எழுத்து மிஞ்சும், அல்லது ஒன்றும் மிஞ்சாது.

முதலில் வந்தவன் கத்தரியை எடுத்தான், தேதி இருக்கும் பக்கத்தை வெட்டி என் கையில் கொடுத்தான். மூடன் என்று நினைத்தேன். இரண்டாவது ஆளும் அப்படியே வெட்டினான். மூன்றாவது ஆள் வெட்டியபோது மேஜையைத் தட்டிவிட்டேன். தட்டு விஷயத்திலும் ஒரே கதை. பெயரில்லாத துண்டுகளையும் தயங்காமல் அலமாரிப் பக்கம் வைத்தார்கள்.

"இது என்ன மாத்திரைன்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?" என்று நாலாவது ஆளைக் கேட்டேன்.

"ஃபாயில் பாத்தா தெரியாதா சார்? பச்சைக் கோடு போட்டது கேஸ்டிக். ரோஸ் கலரு சளிக்கு."

"இந்த வெறும் சில்வரு?"

"அது பிபி சார்."

"பக்கத்துல இன்னொரு சில்வரு இருக்கே?"

இரண்டையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ரெண்டும் ஒரே கம்பெனி சார்" என்றான். ஒரு மனிதர் குளியலறை வாசலில் விழுந்ததற்கும் இதுதான் காரணம். இரண்டு சில்வர், ஒரு கம்பெனி.

ஆறாவதாக அவள் வந்தாள். கத்தரியை எடுத்தாள். அவளும் தேதிப் பக்கத்தைத்தான் வெட்டினாள். எனக்கு வாயில் வசவு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். பிறகு தட்டைப் பார்த்தவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"அந்த அஞ்சையும் நான் தொட மாட்டேன் சார். அன்னிக்கும் இதே மாதிரி ஒண்ணுதான்."

"அவ்வளவு பயம் இருக்கறவ இப்பவும் ஏம்மா தேதிப் பக்கத்தை வெட்டின?"

அவள் கதவைப் பார்த்தாள். கதவில் மேனேஜர் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார், மற்ற ஐந்து பேரும் அவர் முதுகுக்குப் பின்னால்.

"பழக்கம் சார்."

"யார் பழக்கினது?"

"யாரும் இல்ல சார்."

ஆறு பேருக்குத் தெரியாமல் போனால் ஆறு விதமாகத் தப்பு செய்வார்கள். ஒருவன் இடது, ஒருவன் வலது, ஒருவன் நடுவில். ஆறு பேரும் ஒரே ஓரத்தை வெட்டினால் யாரோ உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் மேனேஜரிடம் ஒரு புது அட்டையையும் கத்தரியையும் நீட்டினேன்.

"எனக்கும் இதே மாத்திரைதான். ஒரு ஆறு வெட்டிக் குடுங்க."

அவர் பேசிக்கொண்டே வாங்கினார், பேசிக்கொண்டே வெட்டினார். "இந்தாங்க சார், நீங்க காசெல்லாம் குடுக்க வேணாம்" என்று சிரித்தபடி கொடுத்தார். தேதி பளிச்சென்று என் கையில் இருந்தது.

"நீங்க ஏழாவது" என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் குரல் ஏறியது. "சார், கஸ்டமரு டேட் கேக்கறாங்க. டேட் இல்லாத பீஸ் குடுத்தா தினமும் கவுண்டர்ல ஜகளா. ஒருத்தரு சத்தம் போட்டு பெரிய டாக்டர் ரூம் வரைக்கும் போயிட்டாரு. கஸ்டமருக்கு டேட் சைடு போனா சண்டை இல்ல. இதுல என்ன தப்பு?"

"உங்க கையில மிச்சம் நாலு மாத்திரை இருக்கே, அதுக்கு யார் தேதி சொல்லுவா? உங்க அப்பாவா வந்து சொல்லுவாரு?"

"சார், மரியாதையா பேசுங்க. அதெல்லாம் ஸ்டாஃப் பாத்துக்கணும். நான் அப்படி வெட்டுன்னு யாருக்கும் சொல்லல."

"சொன்னீங்க" என்றாள் அவள்.

"எங்க எல்லாரையும் கவுண்டர்ல நிக்க வெச்சு சொன்னீங்க. மிச்சம் துண்டு கலந்துடும், வேணாம்னு நான் சொன்னேன். சொன்னதைச் செய், ஜாஸ்தி பேசாதன்னீங்க." பிறகு பின்னால் நின்றவர்களைப் பார்த்து, "ஏம்பா, சொன்னாரா இல்லையா?" என்றாள்.

ஐந்து பேர். ஐந்து தலையும் குனிந்திருந்தது. அந்த ஐந்து உச்சந்தலைகளையும் இன்றுவரை என்னால் அடையாளம் சொல்ல முடியும்.

நான் எழுதிக் கொடுத்தது சுருக்கமானது. தப்பு உத்தரவில் இருக்கிறது, உத்தரவை மாற்றுங்கள். வாங்குகிறவருக்குத் தேதியைக் கவரில் எழுதிக் கொடுங்கள், கேட்டால் மிச்ச அட்டையைக் காட்டுங்கள். பெயர் தெரியாத துண்டுகளை எல்லாம் இன்றே தூக்கி எறியுங்கள். ஆறு பேருக்கும் மேனேஜருக்கும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்து மறுபடி சோதியுங்கள். அதுவரை யாரையும் வேலையிலிருந்து எடுக்காதீர்கள்.

"ஆளுக்கு ஒரு மார்க் போடுங்க சார், போதும். யோசனை எல்லாம் யாரு கேட்டாங்க?" என்றார் மேனேஜர்.

"போட்டா ஏழு பேருக்கும் போடுவேன்" என்றேன்.

காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வேறு ஒருவரை வைத்து எழுத்துப் பரீட்சை நடந்ததாம். மற்ற ஐந்து பேரும் பாஸ். அவளும் எழுத்தில் பாஸ்தான், ஆனால் செய்முறையில் தவறு என்று நிறுத்திவிட்டார்கள். செய்முறை எது? என் மேஜையில் நடந்தது! ஆறு பேரும் வெட்டிய அதே ஓரம், அவள் ஒருத்திக்கு மட்டும் தவறாகிவிட்டது. விசாரிக்கப் போனபோது அந்த ஐந்து பேரில் ஒருவன் பார்க்கிங் வரை கூட வந்து இதைச் சொன்னான். தாழ்ந்த குரலில் சொன்னான். அந்தக் குரலை அன்றைக்கு அந்த அறையில் எடுத்திருக்கலாம். ஆஸ்பத்திரிக்கு எழுதினேன், நேரில் போய்க் கத்தினேன். வாசல் காவலாளி என்னைப் பார்த்தாலே தடியை எடுக்கும் அளவுக்கு ஆயிற்று. அவளுக்கு வேலை திரும்பவில்லை. உத்தரவும் மாறவில்லை.

அவள் ஜோகுபாளையத்திலேயே ஒரு மருந்துக் கடையில் சேர்ந்தாள். அதையும் அவனே சொன்னான். நான் மாதா மாதம் இரண்டு பஸ் மாறி அங்கே போய் மாத்திரை வாங்க ஆரம்பித்தேன். "நம்ம தெருவுல இருக்கற நாலு கடையும் விஷமா விக்குது?" என்று மனைவி கேட்பாள். விற்கலாம், யார் கண்டது?

ஒரு நாள் எனக்கு முன்னால் ஒருவர் ஆறு மாத்திரை கேட்டார். அவள் தேதி இல்லாத பக்கத்திலிருந்து வெட்டி, கவரில் பெயரையும் தேதியையும் எழுதிக் கொடுத்தாள்.

"டேட் எங்கம்மா? பழசை தள்ளி விடறியா?"

"கவர்ல எழுதியிருக்கேண்ணா. இதோ மிச்சம் அட்டை, நீங்களே பாருங்க."

"எழுதறது யாரு வேணா எழுதலாம். எனக்கு அந்தப் பக்கம் வெட்டிக் குடு."

"அந்தப் பக்கம் குடுக்க மாட்டேண்ணா."

என்னால் பொறுக்க முடியவில்லை. "யோவ், உனக்குப் பின்னால வர்றவன் சாகணுமா?" என்று கத்திவிட்டேன்.

"சார்!" என்றாள் அவள், என்னைப் பார்த்து. "நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. இது என் கஸ்டமரு."

அந்த ஆள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, வாங்காமலே போய்விட்டார். ஆறு மாத்திரைத் துண்டு கவுண்டரில் கிடந்தது. கல்லாவில் இருந்த முதலாளி, "உதிரித் துண்டு டப்பாவுல போட்டு வைம்மா" என்றார்.

அவள் போடவில்லை. துண்டையும் மிச்ச அட்டையையும் சேர்த்துப் பிடித்து வெட்டுவாயை என்னிடம் காட்டினாள். "உங்களுக்கும் இதேதானே சார்? பொருந்துதா பாருங்க. ஆறும் நாலும் பத்து, நீங்களே எடுத்துக்கங்க. இன்னும் ரெண்டு அட்டை முழுசா தர்றேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். பொருந்தியது. ஆனாலும் எண்ணினேன், தேதியை எழுத்துக் கூட்டிப் படித்தேன், மறுபடி எண்ணினேன்.

"சார், தள்ளி நின்னு எண்ணுங்க" என்றாள். "பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."