தீக்கோழி இறகும் எட்டுப் பெண்களும்

கஸ்டம்ஸ் கிளியரன்ஸ் வேலை என்பது ஊரார் சரக்குக்கு உட்கார்ந்து ஜாதகம் எழுதுவது. எங்கே பிறந்தது, எதனால் ஆனது, இந்த மண்ணில் கால் வைக்கலாமா கூடாதா என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால்தான் பெட்டி நகரும். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சின்ன ஏஜென்சியில் பதினாறு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். ஒரு பேப்பர் குறைகிறது என்று ஏதாவது ஒரு ஜன்னலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட அனுபவம் உங்களுக்கு உண்டென்றால் நீங்களும் என் சொந்தக்காரர்தான், உட்காருங்கள்.

பாக்கெட்டுக்குள் கோழி

வெளிநாட்டு என்ஜினியர்கள் தங்கும் ஒரு கெஸ்ட் ஹவுஸின் மேனேஜர் பூபாலன். தன் விருந்தாளிகள் நாக்கு செத்துப் போய்க் கிடக்கிறார்கள் என்று பரிதாபப்பட்டு, அவர்கள் ஊரிலிருந்தே இருபது பெட்டி நூடுல்ஸ் வரவழைத்தார். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு பாக்கெட்டுக்குள்ளும் சூப்புக்கு ஒரு சிட்டிகை கோழித்தூள். பறவைக் காய்ச்சல் கண்ட நாட்டிலிருந்து கோழி, முட்டை, இறகு, இவற்றில் செய்த பண்டம் எதுவும் சுலபத்தில் உள்ளே வர முடியாது. நன்றாகச் சூடேற்றிப் பதப்படுத்தியது என்றால் அந்த நாட்டு அரசாங்கக் கால்நடை டாக்டரின் சான்றிதழ் வேண்டும். பூபாலனிடம் கடை பில் மட்டும்தான் இருந்தது.

இருபது பெட்டியும் நின்றது. நான் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். அவர் ஒரு பாக்கெட்டைத் தூக்கிக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேடம், இதுக்குள்ள கோழி கீதுன்னு அந்தக் கோழிக்கே தெரியாது மேடம்."

ஏரிக்கு வரும் விருந்தாளிகள்

அன்றைக்குச் சாயங்காலம் இதைத் தேவகியிடம் சொல்லிச் சிரித்தேன். பிள்ளைப்பாக்கத்தில் எனக்கு அடுத்த தெரு அவள். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. கம்பெனி பஸ் அவளை இறக்கிவிடுகிற நேரமும் என் ஷேர் ஆட்டோ வந்து சேருகிற நேரமும் ஏறக்குறைய ஒன்று. ஸ்டாப்பிலிருந்து வீடு வரை ஒன்றாக நடப்போம். எனக்கு நாள் முழுக்கப் பேப்பர், அவளுக்கு நாள் முழுக்கக் கார். அந்தப் பத்து நிமிஷம்தான் இரண்டு பேருக்கும் வாய் திறக்கக் கிடைக்கிற இடைவேளை.

முழுக்கதையையும் கேட்டுவிட்டு அவள் சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டே பத்தடி நடந்தாள். "இன்னாக்கா இது, செம்பரம்பாக்கம் ஏரிக்கு வருஷா வருஷம் வெளிநாட்டுப் பறவைங்க வந்து எறங்குதே, அதுங்க இன்னா உன்னாண்ட கையெழுத்து வாங்கிக்கினா வருது?"

பூ வைக்கக் கூடாத வேலை

தேவகியின் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயின்ட் அடிக்கும் கூடத்துக்குள் கார் நுழைவதற்கு முன்னால் அதன் மேல் ஒரு தூசி இருக்கக் கூடாது. இருந்தால் பெயின்டுக்கு அடியில் பரு மாதிரி நிற்கும். எட்டுப் பெண்கள், தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடுப்பு, கையில் பிசுபிசுப்பான ஒரு துணி. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவித் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். பவுடர் கூடாது, தலைக்கு எண்ணெய் கூடாது, பூ கூடவே கூடாது. தேவகி காலையில் வாங்கிய மல்லிகையை டிபன் பையில் ஈரத்துணி சுற்றிக் கொண்டுபோய், திரும்பும்போது பஸ்ஸில் வைத்துக்கொள்வாள். எட்டுப் பேரும் அப்படித்தானாம். பஸ்ஸே கல்யாண வீடு மாதிரி இருக்குமாம்.

இதற்கு முன் அவள் வேறொரு கம்பெனியில் கழிவறை கழுவினாள். தொழிற்பேட்டைக்குக் குடும்ப நிலம் போன பிறகு கிடைத்த முதல் வேலை அது. இரண்டு வருஷம் பினாயில் வாசத்தோடு வீட்டுக்கு வந்தவள். அதனால் இந்த வெள்ளை உடுப்பு அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஒரு சாயங்காலம் பூ இல்லாமல் இறங்கினாள். கேட்டதும் சொன்னாள்: "மிஷின் வருதாம்க்கா, தீக்கோழி எறகு வெச்ச மிஷினு. அதுவே சுத்திச் சுத்தித் தூசி எடுத்துடுமாம். அது வந்தா நாங்க எட்டுப் பேரும் மறுபடி பினாயில் பக்கெட்டுதான்."

என் மேஜைக்கு வந்த உருளை

அடுத்த வாரம் அந்த மிஷின் என் மேஜைக்கே வந்தது. அதாவது அதன் பேப்பர். இன்வாய்ஸில் 'சுத்தம் செய்யும் உருளை, இயந்திர பாகம்' என்று மட்டும் இருந்தது. கம்பெனி பெயரைப் பார்த்தேன், தேவகி வேலை செய்கிற கம்பெனியேதான். உருளை எதனால் ஆனது என்று கேட்டு எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது, தீக்கோழி இறகு என்று. அனுப்பிய நாடு பறவைக் காய்ச்சல் பட்டியலில் புதிதாகச் சேர்ந்திருந்தது.

இயந்திர பாகம் என்றே விட்டிருந்தால் ஒருவேளை போயிருக்கும். பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் எங்கள் ஏஜென்சியின் லைசன்ஸும் போயிருக்கும். அதனால் 'தீக்கோழி இறகு பொருத்தியது' என்று தெளிவாக எழுதினேன். உண்மை என்பதால் எழுதினேன். சந்தோஷமாக எழுதினேன் என்பதும் உண்மை, உங்களிடம் மறைப்பானேன். மிஷினுக்குப் பொறுப்பான என்ஜினியர் கதிர்வேல், திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர். போனில் அழாத குறை: "மேடம், தூசி தொடைக்க பிரஷ்லா அது. பிரஷுக்கு எங்கயாவது காய்ச்சல் வருமா மேடம்?"

டாக்டர் வந்தார்

இறகு என்று எழுதிவிட்டால் குவாரன்டைன் ஆபீஸிலிருந்து கால்நடை டாக்டர் வந்து பார்க்க வேண்டும். வந்தார். கையுறை, முகக்கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, கோடவுனில் பெட்டியைத் திறக்கச் சொன்னார். உள்ளே சாம்பலும் கறுப்புமாக, பஞ்சை விட மெத்தென்று அடர்ந்த இறகு. கதிர்வேல் பெருமையோடு ஒரு சான்றிதழை நீட்டினார். விற்றவர் அனுப்பியது. இறகு உயர்தரமானது, மிக மென்மையானது, கார் மேல் கீறல் விழாது என்று தங்க முத்திரை குத்தியிருந்தது. டாக்டர் முன்னும் பின்னும் திருப்பிப் படித்தார். மென்மை இருக்கிறது, எத்தனை சூட்டில் பதப்படுத்தினார்கள் என்பது இல்லையே, அரசாங்க டாக்டர் கையெழுத்தும் இல்லையே என்றார். ஒரு மாதம் பார்ப்பார், அதற்குள் அந்தச் சான்றிதழ் வராவிட்டால் பெட்டியை வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

கதிர்வேல் விடவில்லை. தீக்கோழி பறக்காது, ஓடத்தான் செய்யும், அதை எதற்குப் பறவைக் காய்ச்சலில் சேர்க்க வேண்டும் என்று வாதாடினார். டாக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டுப் பொறுமையாகச் சொன்னார்: "பறக்கலைன்னாலும் பறவைதானே சார்."

இரண்டு வேலை

அந்த ஒரு மாதம் எனக்கு இரண்டு பக்கமும் இழுபறி. வாங்குகிற சம்பளத்துக்கு வஞ்சகம் செய்யக் கூடாது. அதனால் விற்றவருக்கு நாலு தடவை எழுதினேன். எந்தப் பேப்பர், யார் கையெழுத்து, என்ன வாசகம் என்று மாதிரிகூடப் போட்டு அனுப்பினேன். சாயங்காலம் தேவகியோடு நடக்கும்போது மட்டும் அந்தப் பெட்டிப் பேச்சையே எடுக்கவில்லை. அவள் வயிற்றில் அடிக்கிற பெட்டிக்கு நான்தான் வழி தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கோபித்துக்கொண்டு வேகமாக நடந்துவிடுவாள் என்று நினைத்தேன். இல்லை.

"நீ உன் வேலைய ஒழுங்கா பாருக்கா. என்னால உன் பேரு கெட வாணாம். நான் என் வேலைய பாக்கறேன்."

அட்டைப்பெட்டி

பார்த்தாள். அவர்கள் லைனில் ஒரு போர்டு உண்டு. அன்றைக்கு எத்தனை காரில் தூசிப் பரு வந்தது என்று அதில் எழுதுவார்கள். எவ்வளவு துடைத்தாலும் அது இறங்காமல் இருந்ததால்தான் மிஷின் பேச்சே எழுந்தது. தேவகி ஒரு வாரம் பருவை எல்லாம் உற்றுப் பார்த்தாள். அது மண் தூசி இல்லை, பழுப்பு நிறத்தில் நார் நாராக இருந்தது. அந்த நாரை வேறெங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தவளுக்கு, கையுறை வருகிற அட்டைப்பெட்டி ஞாபகம் வந்தது. அதை லைனுக்குள்ளேயே வைத்துத்தான் தினமும் கிழிப்பார்கள். சூப்பர்வைசரிடம் சொன்னாள், அவர் காதில் வாங்கவில்லை. நேரே கதிர்வேலிடம் போய்ச் சொன்னாள்.

அவர் கேட்டார். பெட்டியை வெளியே வைத்துப் பிரித்து, கையுறையை மட்டும் உள்ளே எடுத்துப்போக ஏற்பாடு செய்தார். போர்டில் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. அவள் இதைச் சொல்லும்போது குரலில் பெருமையை விட எரிச்சல்தான் அதிகம்: "எங்களாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்போம்க்கா. யாரு கேட்டாங்க?"

வந்த வழியே

ஒரு மாதம் முடிந்தது. விற்றவரிடமிருந்து கடைசியாக வந்ததும் மென்மைக்கான சான்றிதழ்தான், இந்தத் தடவை முத்திரை இன்னும் பெரியது. டாக்டர் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். பெட்டியைத் திருப்பி அனுப்பும் பேப்பரையும் நானே எழுதினேன். கதிர்வேலுக்கு எப்படிச் சொல்வது என்று அரை மணி நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். சரி, வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன்.

"விடுங்க மேடம், போட்டும். மிஷினே வேண்டாம்னு மேல எழுதிக் குடுத்துட்டேன், எட்டுப் பேரும் இங்கயேதான். அட்டப்பெட்டிய வெளிய வைக்கணும்னு தீக்கோழிக்குத் தெரியுமா, சொல்லுங்க பாப்போம்."

பச்சைத் தொப்பி

வெள்ளை உடுப்புக்குப் பச்சைத் தொப்பி போட்டால் லைன் லீடர் என்று அர்த்தம். அந்த வெள்ளிக்கிழமை தேவகி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கையில் அந்தத் தொப்பி, தலையில் மல்லிகை. கம்பெனியில் வைத்துவிட்டு வர வேண்டிய தொப்பியாம். எனக்குக் காட்டிவிட்டு மறுநாள் திருப்பித் தருவதாகக் கெஞ்சி எடுத்து வந்திருக்கிறாள். ரோட்டிலேயே நின்று அதை என் தலையில் வைத்துப் பார்த்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பூவில் பாதியைக் கிள்ளி எனக்கு வைத்துவிட்டாள். போய்ச் சேர்ந்த பெட்டியைப் பற்றிக் கேட்டாள். தீக்கோழிகளுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்றும் கேட்டாள்.

தெரியவில்லை என்றேன். கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னாள்: "அதுங்களுக்குக் காய்ச்சல் சீக்கிரம் வுட்டுடணும்க்கா, பாவம், வாயில்லா ஜீவன். ஆனா எறகு மட்டும் அதுங்க மேலயே இருக்கட்டும்."

பதினாறு வருஷத்தில் நான் உள்ளே கொண்டுவந்த எந்தச் சரக்கும் தராத நிம்மதியை, கொண்டுவர முடியாமல் போன ஒரு பெட்டி இறகு தந்திருக்கிறது என்பதைத் தயவுசெய்து எங்கள் முதலாளியிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.