தூரத்துப் பள்ளி

மகள் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி மாற வேண்டியிருந்தது. அஜ்மானில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவிலேயே ஒரு பள்ளி இருந்தது. அங்கே தமிழ் கிடையாது. தமிழைப் பாடமாக வைத்திருந்த பள்ளி ஷார்ஜாவின் மறுகோடியில் இருந்தது. விடியுமுன் பஸ் ஏற வேண்டும்.

"பிள்ளை தூங்க வேணாமா? பக்கத்துலயே சேத்துருவோம்" என்றார் கணவர். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

அந்தச் சமயத்தில் ஊரில் என் அப்பா இறந்துபோனார். காரியம் முடிந்து நான் திரும்பி வந்ததும் மகள் கேட்டாள்.

"அம்மா, சேக்காளின்னா என்ன?"

"ஃப்ரெண்டு. ஏன் கேக்குற?"

"கடைசியா வீடியோ கால்ல தாத்தா, 'உன் சேக்காளி யாரு'ன்னு கேட்டாங்க. எனக்குப் புரியல. 'ஓகே தாத்தா'ன்னு சொன்னேன். திரும்பவும் கேட்டாங்க. திரும்பவும் ஓகேன்னுதான் சொன்னேன்."

அவள் அழவில்லை. நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நான் அந்தத் தமிழ் ஸ்கூலுக்கே போறேம்மா" என்றாள்.

எங்கள் ஊர்ப் பேச்சு எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது என்பது எனக்குத் தெரியும். அதை அவளிடம் சொல்ல மனம் வரவில்லை.

முதல் வாரம் முழுக்கப் பஸ்ஸில் வாந்தி எடுத்தாள். "இப்பக்கூட மாத்திக்கலாம்டா" என்றார் கணவர். வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தாள்.