குத்தினால் விரலைத் தட்டு

சும்மா நிற்பதற்கு ஒருத்திக்குச் சம்பளமா என்று சொந்தக்காரர்கள் கடைசிவரை கேலி பேசினார்கள். நீங்களும் நானும் பேருந்து தாமதமானால் ஐந்து நிமிடத்தில் கால் மாற்றி நிற்போம், கழுத்தைச் சொறிவோம், உலகத்தையே திட்டுவோம். அவள் காலையில் பலகை மேல் ஏறினால் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை ஆடாமல் அசையாமல் நிற்பாள். தையற்கூடத்தில் அவளுக்குச் சிலையக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அந்தக் கூடத்தின் மாஸ்டர் புதிய உடையைக் காகிதத்தில் வரையமாட்டார். துணியை அப்படியே அவள் மேல் போட்டு, மடித்து, இழுத்து, குண்டூசி குத்தி, சாக்குக்கட்டியால் கோடு போடுவார். அந்தக் கோட்டில்தான் கத்தரி ஓடும். உயிரில்லாத பொம்மைக்குப் போட்டுப் பார்த்தால் என்னவாம் என்று யாராவது கேட்டால், "பொம்மை மூச்சு விடுமாய்யா?" என்பார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒன்று சொல்லிவிட்டார். "பேசினா விலா அசையும், மடிப்பு போயிடும். குத்தினா வாயத் திறக்காத. விரல ரெண்டு தட்டு தட்டு, நான் பாத்துக்கறேன்."

வலது கை ஆள்காட்டி விரல், தொடைமேல் இரண்டு தட்டு. மாஸ்டராலும் அப்போது பேச முடியாது, வாய் நிறைய குண்டூசி வைத்திருப்பார். அவள் தட்டிய மறுகணம் குத்திய ஊசி வெளியே வந்துவிடும். ஒரே ஊசிக்காக அவளை இன்னொரு முறை தட்டவைத்ததே இல்லை. கட்டிய புருஷனுக்கு இதில் பாதி புத்தி இருந்திருந்தால் அவள் தங்கை வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டியதில்லை.

மாஸ்டருக்குத் தலை முழுக்க நரைத்த பிறகு ஒரு கலைக்கூடத்து மேடம் அவரைத் தேடி வந்தாள். உடையும் கலையும் சந்திக்கும் கண்காட்சியாம். எக்ஸ்ரே படங்களை ஒட்டிச் செய்த கவுன், கம்பியால் பின்னிய கோட்டு, உள்ளே ஆள் நுழைய வழியே இல்லாத சட்டை என்று வெள்ளைச் சுவர் நெடுக மாட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு மேடை. அதன்மேல் ஒரு மாதம், தினமும் மாலையில், கூட்டத்தின் முன்னால் மாஸ்டர் ஒரு உடையை அவள் உடம்பிலேயே உருவாக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பெயர் போட்ட பெட்டிக்குள் உடைகளை அடுக்கி அனுப்பிய மனிதர், சுவரில் தன் பெயரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டார்.

அவளுக்கோ வேறு கவலை. கொஞ்ச நாளாக வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. டீ கிளாஸைத் தூக்கினால் தரையெல்லாம் டீ. "என்னக்கா, கை இப்படி ஆடுது?" என்று தங்கை கேட்டபோது, "அசதிடி" என்று மழுப்பிவிட்டாள். அவளுக்குத் தைக்கத் தெரியாது, வெட்டத் தெரியாது. தெரிந்ததெல்லாம் அசையாமல் நிற்பது. அதுவும் போய்விட்டால் யார் வைத்துக்கொள்வார்கள்?

முதல் மாலை, மேடை விளக்குகள் சுட்டன. உடம்போடு ஒட்டிய உள்ளுடுப்பின் மேல் மாஸ்டர் வெள்ளைத் துணியை விரித்தார். தோள் அமைந்தது, இடுப்பு அமைந்தது. பாவாடை மடிப்பைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவள் விரல் தொடையில் தட்டத் தொடங்கியது. அவள் தட்டவில்லை. அது தானாகத் தட்டியது.

மாஸ்டர் சட்டென்று கடைசியாகக் குத்திய ஊசியை உருவினார். விரல் நிற்கவில்லை. அதற்கு முந்தையதை உருவினார். பிறகு இடுப்பில், தோளில். எது குத்துகிறது என்று புரியாமல் அவர் முகம் வெளிறிப்போனது. எதுவும் குத்தவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் பிறகு என்னவென்றும் சொல்ல வேண்டுமே. கடைசி ஊசியும் வந்ததும் துணி முழுவதும் அவள் காலடியில் விழுந்தது. மாஸ்டர் அவள் விரலைப் பிடித்தார். பிடிக்குள்ளேயும் அது துடித்தது.

"எத்தன நாளா?" என்றார் மெதுவாக.

அவள் பதில் சொல்வதற்குள் கூட்டம் எழுந்து கைதட்டியது. மேடம் ஓடிவந்து, "கட்டுறதும் அவிழ்க்கறதும்! என்ன ஒரு கற்பனை! தினமும் இதேதான் வேணும்" என்றாள். உடையின் சிறையை உதறி எறியும் பெண் என்று ஒரு பத்திரிகை எழுதியது. எறிந்தவளுக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

அதன்பின் தங்கை விடவில்லை, டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். நரம்புக் கோளாறு, வேளை தவறாமல் மாத்திரை போட வேண்டும் என்றார் அவர். சில நாளில் கை அடங்கியது. டீ கிளாஸை மேசையில் வைத்தபோது ஒரு சொட்டு சிந்தவில்லை. அக்காளும் தங்கையும் அதைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகளாட்டம் சிரித்தார்கள்.

அன்று மாலை அவள் பழையபடி நின்றாள். மாஸ்டர் கைக்கு அப்படியொரு உடை அதற்கு முன் அமைந்ததில்லை. பார்த்தவர்கள் நாற்காலியில் நெளிந்தார்கள், அவிழ்ப்பது எப்போது என்று கேட்டார்கள். மறுநாள் வேண்டுமென்றே தட்டிப் பார்த்தாள். பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல் இருக்கிறது என்று மேடம் உதட்டைப் பிதுக்கினாள். கூட்டம் குறைந்தது.

மாஸ்டர் அவளிடம் வந்தபோது குண்டூசி டப்பாவை உருட்டிக்கொண்டே பேசினார். "காட்சி முடியற வரைக்கும் அந்த மாத்திரைய நிறுத்தி வைக்கலாமாம்மா? கொஞ்ச நாள்தானே. எனக்கு இனிமே இன்னொரு மேடை கிடைக்குமா?"

அவளுக்கு நெஞ்சு வெந்தது. எத்தனை வருஷமாக ஒரு ஊசியைக்கூட உடம்பில் விட்டுவைக்காத மனுஷன் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் சரி என்றாள். மாட்டேன் என்றால் மறுநாள் போய் நிற்க அவளுக்கு வேறு இடம் ஏது?

நடுக்கம் திரும்பியது, கூட்டமும் திரும்பியது. எந்த ஊசியை எப்போது உருவுவது என்று மாஸ்டர் ஒரு வரிசை வைத்துக்கொண்டார். முதலில் தோள், பிறகு இடுப்பு, பிறகு பாவாடை, விலாப்பக்கம் கடைசி. இப்போதெல்லாம் அவர் அவள் விரலைப் பார்ப்பதே இல்லை. அது ஆடும் என்பதுதான் தெரியுமே.

கடைசி மாலை, அவர் குத்திய ஊசி இடது விலாவில் துணியைத் தாண்டி இறங்கியது. அவளுக்கு உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு, ஆடிக்கொண்டிருந்த கையைத் தொடையில் அழுத்தி நிறுத்தி, இரண்டு தட்டு தட்டினாள். நிறுத்தினாள். மறுபடி இரண்டு. மாஸ்டர் தோள் ஊசியை உருவினார். மறுபடி தட்டினாள். அவர் நிதானமாக இடுப்புக்குப் போனார், பாவாடைக்குப் போனார். முன்வரிசையில் ஒருவர், துணியில் தெரியும் சிவப்புப் பொட்டு தினமும் உண்டா என்று பக்கத்தில் விசாரித்தார்.

விலா ஊசி வெளியே வந்தபோது அதன் நுனி ஈரமாக இருந்தது. மாஸ்டர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கைதட்டல் ஓயவில்லை. வாயிலிருந்த ஊசிகளை உள்ளங்கையில் துப்பினார்.

"குத்துதுன்னு சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னேனே, மாஸ்டர்."