ஆராய்ச்சி நிதிக்கு ஒரு நோயாளி தேவை

2009 என்று நினைக்கிறேன். சிதம்பரத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு போன் வந்தது. கடலூரில் ஏதோ ஒரு சங்கத்தின் செயலாளர். பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட விழா எடுக்கிறார்களாம், மேடையில் உட்கார ஒரு நோயாளி வேண்டுமாம். எங்கள் டாக்டரின் கிளினிக்கில் அப்பாவின் நம்பரை வாங்கியிருக்கிறார்.

அப்பா மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். வலது கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து அதைப் பேன்ட் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்திருந்தார். கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் உட்கார மாட்டார். அப்படிப்பட்டவர் மேடைக்குச் சம்மதித்ததை என்னால் நம்பவே முடியவில்லை. இந்த நோய் எதனால் வருகிறது என்றே இன்னும் சரியாகத் தெரியாது, ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கத்தான் ஆளில்லை என்று டாக்டர் ஒருமுறை சொன்னது அவர் மனதில் தைத்திருந்தது. என்னால் ஆனது, போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்றார்.

விழாவுக்கு முதல் நாள் செயலாளர் மறுபடி கூப்பிட்டார்.

"காலை மாத்திரைய மட்டும் குடுக்காதீங்க மேடம். நல்லாருக்கிற ஆளப் பாத்து எவன் பணம் குடுப்பான்?"

நாங்கள் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, ஒரு வேளைதானே என்று என்னைச் சமாதானப்படுத்தி, அவரே திரும்பக் கூப்பிட்டு வருவதாகச் சொன்னார்.

காலை விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் மதியம் வந்தார். அதுவரை விழா நடந்த கல்யாண மண்டபத்தில் பெரிய மனிதர்கள் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். போர்த்துவது, போட்டோவுக்குப் பல்லைக் காட்டுவது, அதே பொன்னாடையை மடித்து அடுத்தவருக்குப் போர்த்துவது. அருவருப்பான கூத்து. ஆராய்ச்சி என்ற வார்த்தை பிளக்ஸ் பேனரில் மட்டும் இருந்தது, அதுவும் சங்கத் தலைவர் படத்தின் காலடியில். பின்கட்டில் பிரியாணி அண்டாவைத் திறந்ததும் பாதி நாற்காலி காலியானது.

மாத்திரை இல்லாமல் அப்பாவுக்கு நடுக்கம் கூடவில்லை. உடம்பு மரக்கட்டையாக இறுகிவிட்டது. இந்த நோயில் அப்படியும் ஆகும். விழா எடுத்தவர்களுக்கு அதுகூடத் தெரியவில்லை. கை மடியில் அசையாமல் கிடந்தது, வாயோரம் எச்சில் வழிந்தது. நான் மேடையேறித் துடைத்துவிட்டேன். செயலாளர் என் பக்கம் குனிந்தார்.

"என்ன மேடம், கை ஆடவே மாட்டேங்குது? கொஞ்சம் ஆட்டச் சொல்லுங்க. வீடியோ ஓடுது."

இதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல ஒருவரால் முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து, எல்லார் முன்னாலும் அப்பாவின் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்தேன். போட்டோகிராபர் ஓடிவந்து, முகம் சரியாக விழவில்லை, இன்னொரு தடவை கொடுங்கள் என்றார். அவரை நான் திட்டியதை இங்கே எழுத முடியாது.

வீடு திரும்பும் வழியில், கார் புதுச்சத்திரம் தாண்டும்போதுதான் அப்பாவுக்கு உடம்பு இளகிப் பேச்சு வந்தது. மேடையில் மானத்தை வாங்கிவிட்டாயே என்று என்னைக் கோபித்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுரு சொன்னது எனக்கும் கேட்டுச்சும்மா," என்றார். "நானும் ஆட்டித்தான் பாத்தேன். வரல."