இதில் எதுவும் இல்லை

காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் முதல் காரியமாகத் தப்பும் தவறுமாக எழுதுவாள். வேண்டுமென்றேதான். தேடல் பெட்டியில் எழுத்துப் பிழையோடு ஒரு தலைப்பு, அப்புறம் பாதித் தலைப்பு, அப்புறம் 'அட்டையில குடை இருக்கும்' என்று ஒன்று. குடைக்கு அன்று மழைநீர் சேமிப்பு பற்றிய புத்தகம் வந்தது. "பரவாயில்ல, பக்கத்துல வந்துட்ட" என்று திரையைத் தட்டிக் கொடுத்தாள்.

புத்தகம் தேடித் தரும் செயலி அது. தேடியும் கிடைக்காமல் போனவர்களைக் கவனிப்பது அவள் வேலை. செயலி கையை விரித்த தேடல்கள் எல்லாம் அவளிடம் வரும். தேடியவர் யார் என்பது வராது, அவர் எழுதிய சொற்கள் மட்டும் வரும். எந்தப் புத்தகத்தை நினைத்துக் கேட்டிருப்பார் என்று யோசித்து, அந்தச் சொற்களை அதோடு கோத்துவிடுவாள். அடுத்து அதே சொற்களோடு வருகிறவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார். அலுவலகத்தில் அவளுக்குத் தேடல் அக்கா என்று பெயர்.

வீட்டில் இந்தத் தொழில் புத்தி எடுபடவில்லை. கத்தரிக்கோல் எங்கே என்று கணவர் கேட்டால், "எதுக்கு?" என்பாள். துணி வெட்டவா மீசை வெட்டவா என்று தெரியாமல் எதை எடுத்துக் கொடுப்பது? "எங்கன்னு கேட்டா எங்கன்னு மட்டும் சொல்லு தாயே" என்று அவர் கும்பிடுவார்.

கொஞ்ச நாளாக ஒரு ஆள் அவளைப் பாடாய்ப் படுத்தினார். ஆணா பெண்ணா தெரியாது. 'கண்ணு தெரியாது கதை ப்ளீஸ்' என்று ஒரு நாள். 'பார்வை போச்சு சோகம் வேணாம் ப்ளீஸ்' என்று இன்னொரு நாள். இயந்திரத்துக்கு ப்ளீஸ் போடுகிற ஜீவன் வேறு யாரும் இருக்க முடியாது என்பதால் எல்லாம் ஒரே ஆள்தான் என்று முடிவு கட்டினாள். பார்வை போன தையற்காரி ஒருத்தி ஊரையே கேலி செய்யும் நாவலைத் தேடிப் பிடித்து, கண், பார்வை, இருட்டு என்று தோன்றிய சொல்லையெல்லாம் அதோடு கோத்து வைத்தாள். அந்த ஆளோ அவள் நினைக்காத சொல்லோடு வந்து, மறுபடி வெறுங்கையோடு போனார்.

இதற்கிடையில் மேலாளருக்கு ஒரு யோசனை உதித்தது. அவர் அவளைவிடச் சின்னவர். கூட்டத்தில் அவள் அவரை சார் என்பாள், கோபம் வந்தால் தம்பி.

"இனிமே வெத்துப் பக்கமே கிடையாது. கிடைக்கலன்னா நல்லா விக்கிற புக்கைக் காட்டிடுவோம்."

"அவங்க கேட்டது அது இல்லையே, தம்பி."

"யாரும் சும்மா போகமாட்டாங்கல்ல, அக்கா?"

மறுவாரமே கிடைக்காத தேடல்கள் அடியோடு ஒழிந்தன. கேக் வெட்டினார்கள். பார்வையைப் பற்றிக் கேட்ட ஜீவனுக்கு இப்போது சீக்கிரம் பணக்காரராவது எப்படி என்று செயலி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்து, தன் கேக் துண்டைத் தொடாமல் வைத்தாள். அந்த ஆள் இனி வந்தாலும் தெரியாது, போனாலும் தெரியாது. பக்கத்தின் அடியில் 'இதில் எதுவும் இல்லை' என்று ஒரு பொத்தான் வேண்டும், அழுத்தினால் தேடிய சொற்கள் தனக்கு வர வேண்டும் என்று மேலாளரை நச்சரித்தாள்.

"யாருக்கா அவ்வளவு கீழ போவாங்க?"

"வேணுங்கறவங்க போவாங்க."

தொல்லை விட்டால் போதும் என்று கொடுத்தார்.

ஒரு மதியம் அந்தப் பொத்தான் வழியாக வந்தது: 'அம்மாவுக்கு இனிமே பார்வை வராதாம். தினம் நான்தான் படிச்சுக் காட்டணும். சிரிக்கிற மாதிரி ஏதாவது ப்ளீஸ்.'

அதை மறுபடி மறுபடி படித்தாள். கண் தெரியாதவரைப் பற்றிய கதையை அந்த ஆள் கேட்கவே இல்லை. வீட்டில் தொட்டதற்கெல்லாம் எதுக்கு என்று கேட்கிறவள் இதற்கு மட்டும் கேட்காமல் தையற்காரியைத் தூக்கிக் கொண்டு ஓடியிருக்கிறாள். அவமானமாக இருந்தது. அந்த வீட்டை நினைத்தால் துக்கமாகவும் இருந்தது.

செயலியில் புத்தகத்தின் பக்க எண்ணிக்கை, விலை, வகை எல்லாம் இருந்தன. வாய்விட்டுப் படித்தால் எப்படி இருக்கும் என்பது எங்கும் இல்லை. நகைச்சுவை வரிசையில் ஒன்றைத் திறந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாகப் படித்தாள். மூன்றாவது வாக்கியத்தில் மூச்சு வாங்கியது. மூடினாள். அடுத்ததில் ஆட்கள் நிறையப் பேசினார்கள். ஒரு மாமியாருக்கும் தபால்காரருக்கும் சண்டை. குரல் தானாக ஏறியது. பக்கத்து மேசைக்காரர்கள் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார்கள்.

கண்ணாடி அறையிலிருந்து மேலாளர் எழுந்து வந்தார். "அக்கா, என்ன ஆச்சு?"

அவள் படிப்பதை நிறுத்தாமல் ஒரு காலி நாற்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். கண்ணை மூடிக்கொள்ளும்படி கையால் காட்டிவிட்டு, தபால்காரர் பேச்சைத் தொடர்ந்தாள்.