பிடித்து நிறுத்தவும்

சுவரில் விரல் முட்டியால் மூன்று முறை தட்டி, காதை ஒட்டவைத்துக் கேட்கிறார். பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே பூச்சு விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். கையிலுள்ள வரைபடத்தில் அந்த இடத்துக்கு ஒரு வட்டம். பிறகு சிரிஞ்சால் சுண்ணாம்புக் கரைசலை உள்ளே ஏற்றுவார். அதனால்தான் வேலையிடத்தில் அவருக்கு 'ஊசியக்கா' என்று பெயர். வாயும் ஒரு காரணம் என்பார்கள்.

ஐம்பத்திரண்டு வயது. அதில் முப்பது வருடம் பழைய சுவரோவியங்களைக் காப்பாற்றுவதில் போயிருக்கிறது. நெற்றியில் விளக்கு, இடுப்பில் தூரிகைப் பை. செருப்பை எங்கே கழற்றினோம் என்று மட்டும் தினமும் தேடுவார். "அம்மாகிட்ட மேஜையைத் துடைன்னு சொல்லிட முடியாது. ஈரத் துணியா, காஞ்ச துணியா, எவ்வளவு அழுத்தணும்னு கேட்டு உசிரை வாங்குவாங்க" என்கிறாள் மகள்.

முன்பெல்லாம் இப்படி இல்லையாம்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பழைய கூடத்தில் வேலை. சுவரில் ஒரு படகோட்டி. அவன் முகத்தில் வண்ணம் செதில் செதிலாக எழும்பி நின்றது. தங்கைக்கு ஆபரேஷன் என்று மூன்று நாள் விடுப்பில் போன ஊசியக்கா, "செதில்களைப் பிடித்து நிறுத்தவும்" என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அவருடன் வேலை செய்த கொத்தனார் வேற்று மொழிக்காரர். அலுவலகத்தில் ஒருவர் அவருக்காக மொழிபெயர்த்துக் கொடுத்தார். அதில் "செதில்களை எடுத்துவிடவும்" என்று இருந்தது.

எடுத்துவிட்டார். மெல்லிய தூரிகையால், ஒரு செதில் விடாமல். ஊசியக்கா திரும்பியபோது நானூறு வருட முகம் குப்பை முறத்தில் கிடந்தது.

விசாரணை நடந்தது. 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதிக் கொத்தனாரை வேலையை விட்டு எடுத்தார்கள்.

"கவனக்குறைவாம்! இவ்வளவு கவனமா ஒருத்தர் அழிச்சு நான் பார்த்ததே இல்ல. தப்பா எழுதிக் குடுத்தவன் இன்னும் ஏசி ரூம்ல உக்காந்திருக்கான்" என்கிறார் ஊசியக்கா.

அதன்பிறகு அவர் யாரையும் சும்மா விடவில்லை. மேலிடம் வரை போய்ச் சண்டை போட்டு, சொற்பட்டியல் குழு ஒன்றை அமைக்க வைத்தார். நான்கு மொழிகள், முந்நூற்றுப் பன்னிரண்டு சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புகைப்படம். கொத்தனார் வீட்டுக்கு நடையாய் நடந்து அவரையும் குழுவுக்கு அழைத்துவந்தார். செதிலைத் தள்ளுவதற்கு ஒரு சொல், அழுத்தாமல் பிடிப்பதற்கு வேறொரு சொல் என்று தம் மொழியில் இரண்டு இருப்பதை அவர்தான் சொன்னார். குழுவில் இருந்த அந்த மொழிப் பேராசிரியருக்கே அது தெரிந்திருக்கவில்லை.

குழுவின் கடைசிக் கூட்டத்துக்கு, இதை எழுதுவதற்காக நானும் போயிருந்தேன். குழுத் தலைவர் பட்டியலைப் புரட்டிவிட்டுக் கொட்டாவி விட்டார்.

"எதுக்கும்மா இவ்வளவு? சுத்தம் செய், பழுது பார். ரெண்டு போதும். எல்லாருக்கும் புரியும்."

"புரிஞ்சதாலதான் சார் முகம் போச்சு!"

ஊசியக்கா மேஜையில் அடித்த அடியில் தண்ணீர் தம்ளர் துள்ளியது. தலைவர் குரலைத் தாழ்த்தினார்.

"சரி, உங்க வார்த்தையெல்லாம் அப்படியே இருக்கட்டும். உறுப்பினர் பேர்ல மட்டும் அந்தக் கொத்தனார் வேணாம். வேலையை விட்டு எடுத்த ஆளு. அவர் வெளியவே இருக்கட்டும். நீங்க கையெழுத்துப் போடுங்க."

நீட்டிய பேனாவை ஊசியக்கா வாங்கினார். மூடியை அழுத்தி மூடி, தலைவரின் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகினார். எழுந்து வெளியே போனார். அங்கே நீளமான ஒரு மரப் பெஞ்சில் கொத்தனார் காத்திருந்தார். அதன் ஒரு முனையைப் பிடித்து, தரை கிறீச்சிட, கூட்ட அறைக்குள் இழுக்கத் தொடங்கினார் ஊசியக்கா. கொத்தனார் பதறி எழுந்தார். அறைக்குள் இருந்த முகங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து, மறுமுனையைத் தூக்கினார்.