உதடசைக்கும் லின்வுட்

கீழே அவையில் செனட்டர் பேசுவார். மேலே பார்வையாளர் மாடத்தில், அவர் அலுவலகத்தில் வேலைபார்க்கும் என் பக்கத்து இருக்கையில், லின்வுட் பிராட்டின் உதடுகள் அசையும். பேச்சை எழுதிக் கொடுத்தவர் அவர்தானே! செனட்டர் ஒரு சொல்லை விழுங்கிவிட்டால் தொடையில் தட்டிக்கொள்வார். "போச்சு, கெடுத்துட்டாங்க!"

அறுபதைத் தாண்டியவர். இடுப்பு குனியவிடாது, அதனால் கயிறில்லாத ஷூதான் போடுவார். எழுதியதை நடைக்கூடத்தில் நடந்தபடி உரக்கச் சொல்லிப் பார்ப்பது வழக்கம். எதிர்க்கட்சி அலுவலகக்காரர்கள் கதவைச் சாத்துவார்கள். "நல்லாக் கேட்டுக்குங்கப்பா, நாளைக்குப் பதில் சொல்லணுமில்ல?" என்று சிரிப்பார்.

நான்கு வருடம் முன்பு, அதிபர் தேர்தல் நேரத்தில், உச்ச நீதிமன்றத்தில் ஒரு நாற்காலி காலியானது. அதிபர் எதிர்க்கட்சிக்காரர். செனட் ஒப்புதல் தராமல் நியமனத்தை நிறுத்த வேண்டும். 'மக்கள் வாக்களிக்கும் ஆண்டில் நாம் முந்திக்கொள்ள வேண்டாம்' என்று லின்வுட் எழுதினார். நம்பித்தான் எழுதினார்.

"1940கூடத் தேர்தல் வருஷந்தான். அப்ப நீதிபதிய நியமிச்சாங்களே?" என்று சீண்டினேன்.

"அறுபத்தெட்டுல தடுத்தாங்களே, அதச் சொல்லு."

பள்ளி ஆசிரியையான அவர் மகள் கொரின், அந்த 'முந்திக்கொள்ள வேண்டாம்' வரியை வகுப்புச் சுவரில் ஒட்டிவைத்தாள். அதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார் மனிதர்.

இந்த ஆண்டு மறுபடி தேர்தல், மறுபடி காலி நாற்காலி. அதிபர் மட்டும் எங்கள் கட்சி.

"லின்வுட், இந்தத் தடவ நாப்பதுல இருந்து ஆரம்பிங்க" என்றார் செனட்டர்.

"மேடம், போன தடவ அறுபத்தெட்டு சொன்னோம்."

"வருஷத்துக்கா பஞ்சம்? வேணுங்கறத எடுத்துக்குங்க."

அந்த வாரம் நடைக்கூடத்தில் அவர் குரலே கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு எழுதினார். முடியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்று எனக்கு ஆத்திரம். நான் மட்டும் போனேனா என்ன?

பேச்சு நாளன்று காலையில் கொரின் போனில் கூப்பிட்டாள். பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது.

"அப்பா, பசங்களோட டிவில பாக்கப் போறேன். சுவத்துல இருக்கறத எடுத்துடட்டுமா?"

"இருக்கட்டும்மா" என்றார்.

செனட்டர் எழுந்தார். அன்று ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை. "தேர்தல் ஆண்டானாலும் நியமிப்பதே நம் கடமை; வரலாறு இதைத் தெளிவாகச் சொல்கிறது" என்றபோது எதிர்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

லின்வுட்டின் உதடுகளைப் பார்க்கத் திரும்பினேன். முகம் தெரியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரைவரை குனிந்து, கயிறில்லாத ஷூவில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.